நூற்றைம்பத்தொன்று

செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக் கடை.
மில்லிகிராமுக்கும் கண் சுருக்கிப் பழக்கம்.
அதனால்தான் அழகாபுரம் ஷட்டில் கிளப்
கணக்கை என்னிடம் கொடுத்தது.
ஆட்டம் சுமார்தான்.

மார்ச் இருபத்தெட்டு, சனி, இரவு பத்தேகால்.
மென்பொருள்காரன் கேட்கிறான்: புதுப்பிக்கவா?
நூற்றைம்பது உறுப்பினர் வரைக்கும்
பதினோராயிரத்து எண்ணூறு, ஜிஎஸ்டியோடு.
அதற்கு மேல் ஒரு தலை என்றாலும்
இருபத்திரண்டாயிரத்து நானூற்று இருபது.

எங்கள் தலைகள் நூற்றைம்பத்தொன்று.

கழித்துப் பார்த்தேன்: பத்தாயிரத்து அறுநூற்று இருபது.
இறகுப்பந்து டப்பா விலையால் வகுத்தேன்.
ஒன்பது டப்பா. மீதி சுழியம்.
இவ்வளவு சுத்தமாக வகுபட்டால்
எனக்குத் தூக்கம் வராது.

பட்டியலை உருட்டினேன்.
அந்தோணி ரெக்ஸ். மூட்டு மாற்றிய பிறகு ஆடுவதில்லை.
ஞாயிற்றுக்கிழமை வந்து ஸ்கோர் சொல்வார்,
பாதி தப்பாக.
சந்தா மட்டும் ஒரு மாதம் தப்பியதில்லை.
டாக்டர் இளவழகி. எட்டு மாதமாக வரவில்லை.
பிள்ளை பெற்றவளை
பெயர் எடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்ல?
குப்புராஜ், ஜவ்வரிசி மில். ஏழு மாத பாக்கி.
இவரைத் தூக்கலாம்.
தூக்கினால் பாக்கியும் சேர்ந்து போகும் என்கிறது திரை.
விரல் அந்தரத்தில் நின்றது.

சாட்டில் மாயா என்று ஒருத்தி வந்தாள்.
மனுஷியோ மிஷினோ.
'ஒரே ஒரு ஆள்தாம்மா, பார்த்துப் போடுங்க'
என்று கேட்டேன்,
என்னிடம் கொலுசு வாங்க வருகிறவர்களின் அதே குரலில்.
என் கடைச் சுவரில் எழுதியிருப்பதையே
அவளும் சொன்னாள்:
ஒரே விலை.

பேசாமல் நோட்டுக்கே திரும்பிவிடலாம் என்று
போன கமிட்டியில் ஒருவர் சொன்னார்.
அந்த நோட்டில்தான் நாற்பதாயிரம் தொலைந்தது.
எழுதியவர் இன்றும் எதிர்ப்பக்கம் நின்று
ஸ்மாஷ் அடிக்கிறார்.
பந்தைப் பொறுக்கிக் கொடுப்பது நான்.

பதினேழாம் எண்ணில் விரல் நின்றது.
பெ. திருமால். நிலை: நடப்பு. பாக்கி: இல்லை.
நானே.
கணக்குப் பார்க்கிறவனையும்
ஒரு தலையாக எண்ணியிருக்கிறது இந்த மிஷின்.
நீக்கவா? ஆம்.
உறுதியா? ஆம்.
காரணம் என்ன என்று ஒரு கட்டம் வந்தது.
'சிக்கனம்' என்று தட்டினேன்.

பணம் கட்ட ஓடிபி செயலாளர் போனுக்குப் போகிறது.
நாகநாதன் ஏற்காட்டில் ஒரு கல்யாண வரவேற்பு முடித்து
காரில் இறங்கிக்கொண்டிருந்தார்.
முதல் எண் காலாவதி.
இரண்டாவதில் நாலு இலக்கம் சொன்னார்,
அதற்குள் ஒரு கொண்டை ஊசி வளைவு
அவரை விழுங்கியது.
அடுத்த வளைவில் மிச்சம் இரண்டும் வந்தன,
பின்னால் யாரோ வாந்தி எடுக்கும் சத்தத்தோடு.

கட்டியாகிவிட்டது. நன்றி என்றது.
கூடவே இன்னொரு செய்தி:
அன்புள்ள திருமால், உங்களைப் பிரிவதில் வருந்துகிறோம்.
மீண்டும் சேர விரும்பினால்
உங்கள் கிளப்பின் பொருளாளரை அணுகவும்.

காலை ஐந்தரை.
கேட்டில் கட்டைவிரலை வைத்தேன்.
சிவப்பு.
வேட்டியில் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்
வாட்ச்மேன் மாதையன். நான் ஷார்ட்ஸில் இருந்தேன்.
சட்டையில் துடைத்து வைத்தேன்.
சிவப்பு.
'விருந்தாளி நோட்டுல எழுதிட்டுப் போங்க சார்.
நூறு ரூபா.'
ரசீது கேட்டேன்.
'அதெல்லாம் நீங்கதானுங்களே தருவீங்க.'

நூறு ரூபாயை நீட்டியபடி
நூற்றாறு நாள், பிறகு நஷ்டம் என்று
மனசு வகுத்துக்கொண்டிருந்தது.
விளக்குக் கம்பத்துக்குப் பின்னால் சேர்வராயன்
மலையா மேகமா என்று இன்னும் முடிவாகவில்லை.

உள்ளே கோர்ட்டில் மூன்று பேர்.
'ஒரு ஆள் குறையுது, யாராச்சும் வாங்கப்பா!'

நாற்காலியில் அதற்குள் ரெக்ஸ் உட்கார்ந்துவிட்டார்.
பத்துக்கு ஏழு என்கிறார் சத்தமாக.
ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லை.